எந்த நேரத்திலும் விழக்கூடிய சுவர்

"நடுச்சுவத்துல கை வைக்கணும்னா, மொதல்ல அந்தப் பக்கம் போயி..." என்று எங்கள் அப்பா ஒன்று சொல்வார். போய் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்வார். அந்தப் பின்பாதிதான் எனக்கு மறந்துவிட்டது. கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து யோசிக்க நேரத்துக்குப் பஞ்சமே இல்லை, வருஷக்கணக்காக யோசித்துப் பார்த்தாயிற்று. வரவில்லை. அந்தப் பக்கம் போய் அளந்து பார்க்கணும் என்பாரா, அனுமதி வாங்கணும் என்பாரா, ஏதோ ஒன்று.

உட்காருங்கள், தாராளமாக. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். இந்தக் காகிதக் கட்டைப் பார்த்துவிட்டுத்தானே கேட்டீர்கள்? ஆமாம், கோர்ட்டிலிருந்துதான் வருகிறேன். வக்கீல் இல்லை, வாதி. கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னலோரம் பச்சைத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஒருவர் தூங்குகிறார் பாருங்கள். அவர்தான் பிரதிவாதி.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊருக்குச் சாயந்திரம் இந்த ஒரு பஸ்தான். வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். இன்றைக்கு எனக்கு டிக்கெட் எடுத்ததுகூட அவர்தான். "ரெண்டு குடு. பின்னால கண்ணாடி போட்டுட்டு ஒருத்தன் இருக்காம்லா, அவனுக்கும் சேத்து" என்று கண்டக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வேண்டாம் என்று எழுந்துபோய்ச் சொல்லவா முடியும்? என் பெரியப்பா மகன். பெயர் செண்பகராமன். என்னைவிட ஒன்பது பத்து வயது மூத்தவர்.

எனக்கு அவர் மேல் பகை எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு வேறு, பகை வேறு. இந்த வித்தியாசம் நம் ஊரில் யாருக்கும் புரிவதில்லை.

நான் இருபது வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தில் இருந்தவன். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கூரை ஒழுகியது, சுவர் இடிந்தது, பக்கத்து வீட்டு மரம் சாய்ந்தது என்று ஜனங்கள் எழுதி அனுப்புவார்கள். அதைப் படித்து, பணம் கொடுக்கத் தகுமா தகாதா என்று சொல்லவேண்டும். அந்த வேலையில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்று. சேதத்தைத் தொடாதே. படம் எடு, தேதி போடு, காத்திரு. தொட்டுவிட்டாய் என்றால் அது சேதம் இல்லை, உன் கைவேலை. இந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

அப்பா காலமானதும் நானும் கோமுவும் திரும்பி வந்துவிட்டோம். கோமு என் மனைவி. பெரிய வீடு. தாத்தா கட்டியது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது நடுவில் ஓடும் ஒரு சுவரை எல்லையாக வைத்து இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு என்று எழுதினார்கள். சுவர் பொது. செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய, ஒன்றரை முழம் கனமுள்ள சுவர். எங்கள் மட்டப்பாவின், அதாவது மொட்டை மாடியின், உத்திரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, அவர்களுடையதும் அதில்தான்.

வந்த புதிதில், அப்பாவின் படம் மாட்டியிருந்த இடத்துக்கு மேலே ஒரு வெடிப்பைப் பார்த்தேன். தீக்குச்சி நுழையும் அளவு. விசாரித்தால், அந்தப் பக்கம் அண்ணன் சுவரோரமாக செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியிருக்கிறார். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் குழி, அதற்குப் பிறகு வெடிப்பு. எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதுபோல எத்தனை கோரிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்!

போய்ச் சொன்னேன். சொல்லாமல் இல்லை. அண்ணன் சிரித்தார். "பழைய சுவரு, வெடிக்கத்தான்ல செய்யும். செங்கலும் சிமெண்டும் எறக்குதேன். ரெண்டு பேரும் சேந்து பூசிப்புடுவோம்" என்றார். சொன்னபடி மறுநாளே ஒரு வண்டி செங்கலும் சிமெண்டு மூட்டைகளும் வாசலில் இறங்கிவிட்டன. நான் பதறிப்போய்விட்டேன். பூசிவிட்டால்? வெடிப்பு எங்கே போகும்? நாளைக்கு என்ன ஆதாரத்தை வைத்துப் பேசுவது? அன்று மத்தியானமே டவுனுக்குப் போய் வக்கீல் ஆவுடையப்பனைப் பார்த்தேன்.

இங்கிலாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கேட்கிற தொகையைப் பார்த்து வழக்குகளைத் தடம் பிரித்துவிடுவார்கள். சின்ன வழக்குக்கு ஒரு தடம், நடுத்தரத்துக்கு ஒன்று, பெரியதற்கு ஒன்று. நடுத்தரத் தடத்தில் ஏறிவிட்டால் இந்த மாதத்துக்குள் எதிர்த் தரப்போடு காகிதங்களைப் பரிமாறிக்கொள், அந்த மாதத்துக்குள் நிபுணர் அறிக்கை கொடு, இன்ன வாரத்தில் விசாரணை என்று எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். என்னுடையதும் நடுத்தர வழக்குதான். முன்சீப் கோர்ட்டு தாங்காது, ஜில்லா கோர்ட்டு சீந்தாது. அதனால் சப் கோர்ட்டு. நான் ஆவுடையப்பனிடம், "விசாரணை எப்போ வரும்?" என்று கேட்டேன். அவர் பேனா மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "வரும் சார்" என்றார்.

முதலில் வக்கீல் நோட்டீஸ். அதற்கு அண்ணன் தரப்பில் பதில் நோட்டீஸ். அதில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? வெடிப்புக்குக் காரணம் செப்டிக் டேங்கு இல்லையாம். நான் ஊருக்கு வந்ததும் மட்டப்பாவில், அந்தச் சுவருக்கு நேர் மேலே, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியை ஏற்றி வைத்தேனே, அதன் பாரமாம். அபத்தம். ஷவரில் தண்ணீர் வேகமாக விழ வேண்டுமென்றால் தொட்டி அங்கேதான் இருக்க முடியும். பிளம்பரே சொன்னான்.

பிறகு கோர்ட்டில் பிராது. ஆவுடையப்பன் எழுதியதை நான் வாங்கித் திருத்தினேன். எனக்கு ஆங்கிலமும் தெரியும், தமிழும் தெரியும், இரண்டிலும் எழுதிப் பழகியவன். அவர், "மேற்படி சுவரில் வெடிப்பு ஏற்பட்டுள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தார். உப்புச்சப்பு இல்லை. நான் அதன் கீழே, "மேற்படி சுவர் எந்த நேரத்திலும் இடிந்து விழக்கூடிய நிலையில் உள்ளது" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"சார், இது வேணுமா?"

"அவசரம் தெரிய வேண்டாமா?"

"தெரியும் சார். ஆனா கையெழுத்துப் போட்டு உள்ள குடுத்துட்டா சொன்னது சொன்னதுதான். பொறவு சுவரு நம்ம பேச்சைக் கேக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். ரசனையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாக்கியம் வேலை செய்தது. வழக்குக்கு எண் கிடைத்து, முதல் தடவை கூப்பிட்ட அன்றே இடைக்கால உத்தரவு கிடைத்தது. வழக்கு முடிகிறவரை இரு தரப்பும் சுவரில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது, இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான். அண்ணன் வீட்டு வாசலில் அந்தச் செங்கல் அப்படியே கிடந்தது. சிமெண்டு மூட்டைகள் ஒரு ஐப்பசி மழையில் நனைந்து கல்லாகிவிட்டன. இன்றைக்கும் அதன் மேல் உட்கார்ந்துதான் அவர் பேப்பர் படிக்கிறார்.

அதன் பிறகு ஆரம்பித்தது வாய்தா. அவர்கள் எதிருரை போட ஒரு வாய்தா, ஜட்ஜ் மாறுதலில் போனதால் ஒரு வாய்தா, வக்கீல்கள் புறக்கணிப்பு என்று ஒரு வாய்தா. சுவரைப் பார்த்து அறிக்கை எழுத கோர்ட்டில் ஒரு கமிஷனரை நியமித்தார்கள். அவரும் ஒரு வக்கீல்தான், சின்ன வயசு. வந்து பார்த்து, "மயிரிழை அளவு வெடிப்பு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மயிரிழையாம்! நான் எழுதியது என்ன, அவர் எழுதியது என்ன?

அதனால் நானே சுவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். வெடிப்புக்குக் குறுக்கே காகிதப் பட்டைகள் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும். எங்கள் கம்பெனிப் பழக்கம். காலையில் காப்பிக்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். "அந்தச் சுவத்தைப் பாக்குத மாதிரி என்னைப் பாத்து எத்தனை நாளாச்சு" என்று கோமு கேட்பாள். தரையில் தினம் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கொட்டிக் கிடக்கும், அரிசி மாவு சிந்தியது போல. அவள் விளக்குமாற்றோடு வந்தால், தொடாதே, ஆதாரம் என்பேன். "ஆதாரத்துல எறும்பு புத்து வச்சிருக்கு, வந்து பாருங்க" என்பாள்.

தீக்குச்சி நுழைந்த இடத்தில் ஒரு ஆடிச் சாரலுக்குப் பிறகு விரல் நுழைந்தது. அடுத்த கார்த்திகையில் உள்ளங்கையே நுழைந்தது. அன்றைக்கு, சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஜுரம் விட்ட மாதிரி. அந்த நிம்மதியோடு ஆவுடையப்பனுக்குப் போன் செய்தேன். "படம் எடுத்து வைங்க சார்" என்றார்.

அந்தப் பக்கம் சுவர் கொஞ்சம் உப்பியிருக்கிறது. தொப்பை மாதிரி. நான் நேரில் பார்க்கவில்லை, வழக்கு நடக்கிறபோது அங்கே போவது முறையில்லை. வடிவு மதினி சொல்லித்தான் தெரியும். செண்பகராமன் அண்ணன் சம்சாரம். நான் காலேஜில் படிக்கிறபோது கல்யாணமாகி வந்தவர்கள். பரீட்சை நேரத்தில் எனக்கு டீ போட்டு, சுவரைத் தட்டிக் கூப்பிடுவார்கள். அவர்கள் அடுக்களை அந்தச் சுவரோரம்தான். மத்தியானம் வேலை முடிந்தால் சுவரை ஒட்டிப் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். கோடைக்குச் சுவர் குளுகுளுவென்று இருக்கும் என்பார்கள்.

ஒருநாள் மதினி, நசுங்கின செம்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"தம்பி, அடுக்குல இருந்த செம்பு தானா எறங்கி வருது. இன்னைக்கு என் தோள்ல விழுந்திருக்கும், தப்பிச்சேன்" என்றார்கள். "உங்க அப்பா இருக்கையில ஒரு ஆணி அடிக்கணும்னாலும் மொதல்ல இங்கன வருவாக. 'தாயி, சட்டி பானைய எறக்கி வச்சுக்கோ, நா அடிக்கப் போறேன்'னு சொல்லிட்டுத்தான் சுத்தியல எடுப்பாக. இப்ப யாரும் ஆணி அடிக்காமலே விழுது பாத்துக்கோ."

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. "மதினி, இதை எங்கிட்ட நேர்ல சொல்லக் கூடாது. உங்க வக்கீலை விட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தச் செம்பை வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கோ" என்று வாசற்படியில் வைத்துவிட்டு நின்றார்கள். நல்ல படம். சான்றாவணத்தில் சேர்த்திருக்கிறேன்.

அப்பா சொன்னதைப் பற்றி மதினியிடம் கேட்டிருக்கலாம். அந்தப் பக்கம் போய் என்ன என்று. தோன்றவில்லை.

நடுவில் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மேஜை, எதிரும் புதிருமாக நாற்காலிகள், நடுவில் சமரசம் பேசுகிற ஒரு அம்மா. அண்ணன் சொன்னார், "சுவத்தை மொத்தமா எறக்கிட்டுப் புதுசா கட்டுவோம். ஆளுக்குப் பாதி. நாளைக்கே ஆள் விடுதேன்." அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "பாதி என்ன, முழுசும் நானே கட்டித் தாரேன். ஆனா செப்டிக் டேங்காலதான் வெடிச்சுதுன்னு அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்." இதைவிடப் பெருந்தன்மையாக யார் பேசுவார்கள், சொல்லுங்கள்.

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "செய்யாததைச் செஞ்சேன்னு எப்படிப்பா எழுத? அப்ப உனக்குச் சுவரு வேண்டாம். என் கையெழுத்துதான் வேணும்."

"உண்மை வேணும்ணே."

"உண்மையா? அது மேல விழாம பாத்துக்கோ" என்று எழுந்துவிட்டார். சமரசம் ஏற்படவில்லை என்று ஒரு வரி எழுதி, வழக்குக் கட்டைத் திரும்பக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன மழையில் நான் ஒரு வாரம் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் எங்கள் கூடத்தில் நாலு சவுக்குக் கட்டை நிற்கிறது. சுவரோரம் வரிசையாக, உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து. கோமு செய்த வேலை. இசக்கி கொத்தனாரைக் கூப்பிட்டுச் செய்திருக்கிறாள். "எனக்குத் தூக்கம் வரல. நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இடைக்கால உத்தரவு இருக்கிறதே என்றேன். "சுவத்துல நா கைய வைக்கல. உத்திரத்துக்குத்தான் கட்டை வச்சேன். கோர்ட்டு உத்திரத்தைப் பத்தி என்ன சொல்லிருக்கு?" என்று கேட்டாள். அவளை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உண்மை. கட்டை வைத்த பிறகு காகிதம் கிழியவில்லை. மட்டப்பாவின் பாரம், தொட்டியின் பாரம் எல்லாவற்றையும் கட்டைகள் வாங்கிக்கொண்டன. தூள் கொட்டுவதும் நின்றது. கோமு தரையைக் கழுவி, கட்டைக்குக் கட்டை கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

இன்றைக்குத்தான் விசாரணை. உண்மையான விசாரணை. இத்தனை வருஷம் நடந்ததெல்லாம் வாய்தா. "வாதி குற்றாலநாதன்!" என்று டவாலி மூன்று தரம் கூப்பிட்டான். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், இருந்தாலும் மூன்று தரம் கூப்பிட வேண்டும். கூண்டில் ஏறினேன். என் பக்கம் நியாயம் இருக்கிறது.

அவர்கள் வக்கீல் ஒரு சின்னப் பெண். மகள் வயது இருக்கும். குரலை உயர்த்தவே இல்லை. அண்ணாச்சி என்று கூப்பிடாத குறை, அவ்வளவு மரியாதை.

"பிராதுல இருக்கிற கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமா."

"படிச்சுப் பார்த்துத்தான் போட்டீங்க?"

"நானே திருத்தி எழுதினது."

"ரொம்ப நல்லது. சுவர் எந்த நேரத்திலும் இடிந்து விழக்கூடிய நிலையில் உள்ளதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சரிதானே?"

"ஆமா."

"விழுந்துச்சா சார்?"

"இல்லை."

"அதுக்கப்புறம் எத்தனை மழைக்காலம் போச்சு?"

"நினைவில்லை."

"இன்னைக்குக் காலையில நீங்க புறப்படும்போது?"

"நின்றுகொண்டிருந்தது."

"உங்க மனைவி அதுக்குப் பக்கத்துல துணி காயப்போடுறாங்க, இல்லையா சார்?"

கோர்ட்டே சிரித்துவிட்டது. டவாலி சிரித்தான். எங்களுக்கு அடுத்த வழக்குக்காரன், ஏதோ கண்மாய் வழக்கு, முகம் தெரியாதவன், அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். ஜட்ஜ் தலையைக் குனிந்து என்னவோ எழுதினார். நான் கூண்டில் நின்றுகொண்டு அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடி டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். "விடு குத்தாலம். அது சின்னப்புள்ள, அதுக்குக் குடுத்த வேலை, கேக்கத்தான் செய்யும். மனசுல வச்சுக்காத" என்றார். ஆறுதல் சொல்கிறார்! எனக்கு! பிரதிவாதி! அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். சுவரை மறுபடி பார்க்க வேண்டும் என்று நாங்கள் போட்டிருந்த மனுவை ஜட்ஜ் அனுமதித்துவிட்டார். நாளைக்கு மத்தியானம் கமிஷனர் வருகிறார், கூடவே அரசு இன்ஜினியர். அவர்கள் எழுதுவதுதான் கடைசி. அதை வைத்துத்தான் தீர்ப்பு.

"நல்லதுதானே?" என்றேன்.

ஆவுடையப்பன் பேனா மூடியைத் திறந்து மூடினார். "நல்லதுதான் சார். ஆனா அந்தக் கட்டை நிக்குல்லா? அதோட பாத்தா, சுவரு ஸ்திரமா இருக்குன்னு இன்ஜினியர் எழுதிட்டுப் போயிருவாரு. நாம எழுதினது பொய்யின்னு ஆயிரும். வழக்கு அதோட சரி." பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார். "நா ஒண்ணும் சொல்லல சார். நீங்க படிச்சவங்க. யோசிச்சுச் செய்யுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ரொம்ப நேர்மையான மனிதர்.

யோசித்தேன். நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை. கட்டை முதலில் அங்கே இருந்ததா? இல்லை. நான் பிராது கொடுத்தபோது சுவர் எப்படி இருந்ததோ அப்படித்தானே கமிஷனர் பார்க்க வேண்டும்? கட்டையோடு காட்டினால் அதுதான் கோர்ட்டை ஏமாற்றுவது. இத்தனை வருஷம் நின்ற சுவர் ஒரு காலைப்பொழுது நிற்காதா? காலையில் எடுத்தால் மத்தியானம் அவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு வேண்டுமானால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே இசக்கிக்குப் போன் செய்தேன். காலையில் வருகிறேன் என்றான். "செண்பகராமன் அண்ணாச்சி வீட்டுல சொல்லியாச்சா?" என்று கேட்டான். பஸ் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கோமுவுக்கும் அங்கிருந்தே போன் செய்தேன். ராஜபாளையத்தில் அவள் தங்கை வீட்டில் காதுகுத்து வருகிறது. இரண்டு நாள் முன்னதாகப் போய் ஒத்தாசை செய்யேன், மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடு என்றேன். "என்ன திடீர்னு என் தங்கச்சி மேல பாசம்?" என்றாள். போய்ச் சேர்ந்திருப்பாள் இந்நேரம். நானும் காலையில் கட்டை எடுக்கும்போது வாசலில்தான் நிற்பேன். ஆபத்து என்று இல்லை. கொத்தனார் வேலை செய்கிற இடத்தில் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மழையா? ஆமாம், இலேசாகத் தூறுகிறது. ஜன்னலை இறக்கிவிடுங்கள். மலைப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது பாருங்கள். இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது.

எங்கள் ஊர் வந்துவிட்டது. அதோ, அண்ணன் எழுந்துவிட்டார். எவ்வளவு தூங்கினாலும் இந்தத் திருப்பத்தில் அவருக்கு முழிப்பு வந்துவிடும்.

"ஏ குத்தாலம்! ஸ்டாப்பு வருது, பைய எடு. கோமு ஊருக்குப் போயிட்டாளாம்லா, உங்க மதினி போன் போட்டாள். தனியா என்னத்தப் பொங்கப் போற? வீட்டுக்கு வந்துரு. உளுந்தங்கஞ்சி வச்சிருக்கா."

பார்த்தீர்களா? இதைத்தான் சொன்னேன், பகை கிடையாது என்று.

என்ன கேட்டீர்கள்? அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்றா?

காலையில் ஏழு மணிக்கு இசக்கி வந்து கட்டைகளை எடுத்துவிடுவான். அந்தப் பக்கம் போய்ச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.